நைனா பல்லில் கவ்விய வேதம்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்டு நாலு வரியும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எழுதுவது முறையா என்று தெரியவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழை இருந்தால் சபை மலர் வேலை பார்க்கிற தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

பேச வேண்டிய இடம் என்றேனே, அது போன மாதம் எங்கள் சபையில் நடந்த பெண்கள் கூட்டம். காலேஜில் படிக்கிற ஒரு பெண் எழுந்து செல்போனைப் பார்த்து வேதம் வாசித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"ராவுல இதே செல்லுலதான சினிமா பாக்கற? அத்தயே எட்த்துனு வந்து வேதம்னு படிக்கிற?"

"நீங்க அதே வாயாலதான பாட்டும் பாடுறீங்க, பக்கத்து வீட்டையும் திட்டுறீங்க" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியம்மாவும் சிரித்தார், ஆனால் விடவில்லை. பேச்சு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் எங்கள் இளம் போதகர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வியை வைத்தார். கிறிஸ்தவனாக இருக்கிற ஒருவன் கடவுளைவிட வேதப் புத்தகத்தைப் பெரிதாக மதித்துவிட முடியுமா? அதெப்படி முடியும் என்றார்கள் சிலர். இரண்டும் ஒன்றுதானே, அதில் பெரிது சிறிது ஏது என்றார்கள் சிலர். நான் கடைசிப் பாயில் உட்கார்ந்து என் நைனாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். ஊர், சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி ஏரிக்கரையில். எங்கள் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஏரியில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மண்டியிட்டு நகர்ந்துகொண்டே, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். அதனால் பிடித்ததைப் போடுகிற ஓலைக் கூடையை, பறி என்போம், அதன் கயிற்றை வாயில் கவ்விக்கொள்வார்கள். மணிக்கணக்கில் கவ்விக்கொண்டே இருப்பார்கள். நைனாவின் முன்பற்களில் கயிறு அறுத்த பள்ளம் இருந்தது. அவர் சிரிப்பது அபூர்வம். சிரித்தால் அந்தப் பள்ளம் தெரியும்.

நான் பிறந்த வருஷம் அவர் ஞானஸ்நானம் வாங்கினார். அன்றைக்கு அவருக்கு ஒரு வேதப் புத்தகம் கொடுத்து, "இதைக் கைவிட்டுடாதே" என்று அப்போதிருந்த போதகர் சொன்னாராம். நைனாவுக்கு எழுத்துத் தெரியாது. கைவிடாதே என்பதற்கு அவருக்குத் தெரிந்த அர்த்தத்தில் அவர் அதைக் கைவிடாமல் இருந்தார்.

எங்கள் குடிசையில் சுவரில் ஒரு மாடம் உண்டு. முன்பு அதில் கன்னியம்மாவுக்கு விளக்கு வைப்பார்களாம். அந்த மாடத்தைச் சாணம் போட்டு மெழுகிச் சுண்ணாம்பு அடித்து நைனா புத்தகத்தை வைத்தார். அம்மாவின் கல்யாணப் புடவை மஞ்சள் பட்டு. அதன் முந்தானையைக் கிழித்துப் புத்தகத்துக்குச் சுற்றினார். அந்துருண்டை போட்டார். அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது. அதற்கு நேராக நின்று சண்டை போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கவிச்சிக் கையால் தொடக் கூடாது. மீனும் இறாலும் நண்டும் புழங்குகிற வீட்டில் கவிச்சி இல்லாத கை எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டுக் குளித்துவிட்டு நைனா மட்டும் எடுப்பார். பட்டுத் துணியோடு அப்படியே மடியில் வைத்துக்கொள்வார். பிரிக்க மாட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் மாடத்தில் வைத்துவிடுவார். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அனுமதி இல்லை.

அம்மாவும் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். ஆனால் அவளுக்கு இந்த விஷயத்தில் ஒரு குறை இருந்தது. இறால் உரித்துக்கொண்டே அவ்வப்போது நைனாவைச் சீண்டுவாள்.

"கன்னியம்மாவுக்கு மீன் கொழம்பு வெச்சிப் படைச்சோம். அவ ஒண்ணும் மூக்கப் பொத்திக்கல. இந்தச் சாமிக்கு மட்டும் கவிச்சி ஆவாதா? ஏசு சாமி மீன் புடிக்கிறவங்களோடதான் சுத்துனாருனு பாஸ்டரு சொல்றாரே. அவங்கல்லாம் சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் அவர்கிட்ட வந்தாங்களா?"

நைனா நிதானமாகப் பதில் சொல்வார். "அவரு வேற, புஸ்தகம் வேற."

"எப்படி வேற?"

"அவரு பொறுத்துக்குவாரு."

போதகர் சைக்கிளில் வருவார். அவருடைய புத்தகம் அட்டை பிய்ந்து, பக்கமெல்லாம் கோடு போட்டு, உள்ளே பஸ் டிக்கெட் செருகி, கேரியரில் குடையோடு சேர்த்துக் கட்டிய நிலையில் வரும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நைனாவுக்கு முகம் சுருங்கும். போதகர் போனபிறகு அம்மாவிடம், "படிச்ச மனுசன், நல்ல மனுசன். ஆனா கேரியர்ல வெச்சிக் கட்டினு வராரு பாத்தியா" என்று தணிந்த குரலில் வருத்தப்படுவார்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படி இருந்த நாளில்தான். அம்மாவின் தங்கச்சி. அவர்களுக்குத் தாயார் இல்லாததால் பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா மெட்ராஸில் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். அதற்கு முன்னால் சித்திக்கு ஒரு குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. அந்தத் தடவையும் எங்கள் வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவசரத்தில் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நைனா அப்போது ஏரியில் இருந்தார். வந்து பார்த்தபோது மாடத்தில் புத்தகம் இருந்தது. அதைக் கூட அனுப்பாமல் விட்டதால்தான் அப்படி ஆயிற்று என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. யாரிடமும் அதைப் பேசியதில்லை. சித்தி இந்தத் தடவை வந்து இறங்கிய அன்று மட்டும் சொன்னார்.

"இந்த வாட்டி புஸ்தகம் கூட வரும். நீ பயப்படாத."

சித்தி பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளை எங்கேயோ தொட்டுவிட்டது. நேராகக் கேட்டாள். "மாமா, அந்தப் புள்ளயப் புஸ்தகம் காப்பாத்தலங்கிறியா, சாமி காப்பாத்தலங்கிறியா?"

நைனா எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டார்.

ஐப்பசி கடைசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. எளாவூர் போகிற பாதையில் தண்ணீர் ஏறி, வண்டி போகவில்லை. ஒருநாள் காலையில் சித்திக்கு வலி கண்டது. பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஏரி வழியாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த ஒருவர் எங்கள் கரையில் படகை நிறுத்திவிட்டு மழைக்கு ஒதுங்கியிருந்தார். கடலிலும் ஏரியிலும் தொழில் பார்க்கிறவர். அவருக்கு அவருடைய குலசாமி, எங்களுக்கு எங்கள் சபை. ஆனால் நைனா அவரை அண்ணே என்பார், நான் பெரியப்பா என்பேன். கேட்டதும் எழுந்து வந்துவிட்டார்.

அம்மா சித்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரும் நேரத்தில் நைனா படகைச் சுத்தம் செய்தார். அது சித்திக்காக என்றுதான் நான் நினைத்தேன். பெரியப்பா பாய்மரக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நைனா நண்டுக் கூடையை இறக்கினார், பழைய வலையை இறக்கினார், ஒரு பாமாயில் டின்னை இறக்கிக் கரையில் வைத்தார். பிறகு படகின் பலகையைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, படகுக்குத் தலைக்கு ஊத்துறியா?"

"புஸ்தகம் வருதுண்ணே."

"வரட்டும். உங்க சாமிக்கு நீச்சல் தெரியுமா?"

"தண்ணி மேல நடப்பாரு" என்று நான் சொன்னேன். வெளியாளிடம் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

புத்தகம் அலுமினிய டேக்சாவில் வந்தது. அந்த டேக்சாவில் ஒருநாளும் சோறு பொங்கியதில்லை. கூட்டங்களுக்குப் போகும்போது புத்தகத்தை வைத்துத் தலையில் தூக்கிப் போவதற்கென்றே நைனா அதை ஒதுக்கி வைத்திருந்தார். பட்டுத் துணியில் சுற்றிய புத்தகத்தை அன்று மழைக்காக உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கயிற்றால் முடிச்சுப் போட்டு, டேக்சாவுக்குள் வைத்து மூடியிருந்தார். பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பழைய வேட்டித் துணிகளை அம்மா ஒரு மூட்டையாகக் கொண்டுவந்தாள்.

"டேக்சால எடம் கீதே, இத்தயும் உள்ள வெச்சிக்கிறேன். நனையாம வரும்."

"வேணாம். அது பிரசவத் துணி. அதோட சேக்கக் கூடாது."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சித்தி முனக ஆரம்பித்திருந்தாள். மூட்டையைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறினாள்.

வாடைக் காற்று. தெற்கே போகிறவர்களுக்கு அது சாதகம்தான், பாயை விரித்ததும் படகு பறந்தது. ஆனால் பாதி ஏரி தாண்டியதும் அலை தூக்கிக் குறுக்கே அடித்தது. மேலே மழை, பக்கத்திலிருந்து அலை. போதாததற்கு ஒரு பலகைச் சந்தில் அடைத்திருந்த பஞ்சு விட்டுக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் ஏரி பொதுவாக ஆழமில்லை. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்கிற ஓட்டத்தில் இறங்கினால் ஆள் நிற்க முடியாது. நாங்கள் அந்த ஓட்டத்தில் இருந்தோம்.

பெரியப்பாவுக்குச் சுக்கானில் ஒரு கை, பாய்க் கயிற்றில் ஒரு கை. "தம்பி, தண்ணிய எறைடா" என்றார். நைனா அசையவில்லை. "டின்ன எட்த்து எறைடா."

"டின்னு இல்லண்ணே."

"இல்லியா?"

"கரையில வெச்சிட்டேன்."

"ஏன்டா?"

"நண்டு நாத்தம் அடிச்சிது."

அந்த நேரத்தில் திட்டுவதற்குக்கூடப் பெரியப்பாவுக்கு மூச்சு மிச்சமில்லை என்று நினைக்கிறேன். அவர் கண் டேக்சாவின் மேல் போய் நின்றது. நைனாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது. அம்மா சித்தியின் தலையைத் தன் மடியில் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் அவர்களுக்கு மேலே தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தியின் முதுகைத் தண்ணீர் தொட்டது.

நைனா டேக்சாவின் மூடியைத் திறந்தார். பிளாஸ்டிக் மூட்டையை வெளியே எடுத்தார். எடுத்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பலகையில் வைக்க முடியாது, அது கால் வைக்கிற இடம், அலையும் அடிக்கிறது. கீழே தண்ணீர். என் கையும் அம்மா கையும் காலியில்லை. காலியாக இருந்தாலும் காலையில் இறால் உரித்த கை. ஒரு நிமிஷம்தான். பிறகு அவர் அந்த மூட்டையின் கயிற்று முடிச்சை வாயில் வைத்துப் பல்லால் கவ்விக்கொண்டார். பறியைக் கவ்வுகிற அதே பள்ளத்தில் அது போய் உட்கார்ந்தது. டேக்சாவை இரண்டு கையாலும் பிடித்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்.

தினமும் அந்தக் கோலத்தில்தான் அவரை ஏரியில் பார்த்திருக்கிறேன். கழுத்து நரம்பு புடைத்திருக்கும், கண் எதையும் பார்க்காது. மூக்கு வழியாக மட்டும் ஒரு சத்தம் வரும். பறி கனத்தால் அப்படித்தான் வரும். அன்றைக்கு அந்தச் சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே இழையாக வந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். வாய் மூடியிருக்கும்போது என்ன ஜெபம் பண்ண முடியும் என்றும் நினைத்தேன்.

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. "வந்துட்டோம்மே, பொறுத்துக்க" என்று பெரியப்பா குரல் கொடுத்தார். சித்தியால் பொறுக்க முடியவில்லை. அம்மா அவள் தலையை இறக்கி வைத்துவிட்டுக் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். என்னைப் பார்த்து, "நீ இங்க பாக்காத, ஏரியப் பாரு" என்றாள். ஏரியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதனால் நைனா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழந்தை பிறந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சித்தியின் சத்தம் நின்றது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"அழுவல" என்றாள் அம்மா. "யாராவது துணி குடுங்க. சில்லுனு கீது. தொடைக்கணும், தேச்சி சூடு காட்டணும், துணி குடுங்க." பலகைக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தாள். அதைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். தன் முந்தானையைப் பிடித்தாள், அதுவும் அப்படித்தான். பெரியப்பா தன் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு, "யக்கா, இதுவுமா?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. அழுகிற மாதிரியும் கேட்கவில்லை.

அந்தப் படகில் காய்ந்த துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து நைனாவைப் பார்த்தாள். கேட்கவில்லை. பத்து வருஷமாக அந்த மாடத்துக்கு நேராக நின்று எவ்வளவோ பேசியவள், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நைனா இறைப்பதை நிறுத்தாமலே குனிந்தார். அம்மாவின் மடிக்கு நேராகத் தலையைக் கொண்டுவந்தார். வாயைத் திறந்தார்.

மூட்டை மடியில் விழுந்தது. அம்மா உறையைக் கிழித்து, பட்டைச் சரசரவென்று உருவினாள். குழந்தையின் முதுகையும் மார்பையும் அந்தப் பட்டால் தேய்த்தாள். விடாமல் தேய்த்தாள். நைனாவுக்கு இப்போது வாய் இருந்தது. ஒவ்வொரு டேக்சாத் தண்ணீரை வெளியே கொட்டும்போதும், "ஏசப்பா" என்றார். அவ்வளவுதான். சபையில் சொல்லிக்கொடுத்த ஜெபம் எதுவும் வரவில்லை. தூரத்தில் போகிற ஆளைக் கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் அவர் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து பெரியப்பா, "அம்மா தாயே, அம்மா தாயே" என்று அவருடைய சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.

அது தும்மியது. பிறகு அழுதது.

அம்மா பட்டில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, "பொம்பளப் புள்ளடி" என்று குழந்தையைச் சித்தியின் மார்பில் வைத்தாள். சித்தியின் தலைமயிர் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் கையைத் துழாவினாள், கெட்டியாக ஏதோ அகப்பட்டது, எடுத்துச் சித்தியின் தலைக்கு அடியில் செருகினாள். செருகிய பிறகுதான் அது இன்னதென்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். கை ஒரு நொடி நின்றது. பிறகு அப்படியே விட்டுவிட்டாள். நைனாவும் பார்த்தார். பார்த்துக்கொண்டே தண்ணீரை இறைத்தார்.

கொஞ்ச தூரம் போனபிறகு சித்தி மெதுவாகப் பேசினாள்.

"மாமா."

"இன்னாம்மா?"

"தலவாணி கெட்டியா கீது."

நைனா சிரித்தார். பல்லில் இருந்த பள்ளம் தெரிந்தது.

பழவேற்காட்டில் கரை சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆட்கள் ஒரு கட்டிலோடு ஓடிவந்து சித்தியையும் குழந்தையையும் அதில் தூக்கிப்போனார்கள். அம்மா கூடவே போனாள். பெரியப்பா டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது, "டேக்சா நல்லா எறைக்குதுடா தம்பி, நம்ம டின்னுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார். நானும் நைனாவும் படகோடு நின்றோம்.

நைனா படகுக்குள் இறங்கிப் புத்தகத்தை எடுத்தார். அட்டை உப்பியிருந்தது. சேறு, மீன் செதில், சித்தியின் நீண்ட முடி ஒன்று. ஓரத்தில் இரத்தமும் பட்டிருந்தது. வெயில் வந்திருந்த இடமாகப் பார்த்து மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புத்தகத்தைத் தொடையில் வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவர் அதைப் பிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இறாலின் மீசை முறியாமல் எடுக்கிறவருக்கு ஒரு தாள் கிழியாமல் எடுக்க வரவில்லை.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சொல்லாவிட்டால் பிறகு அவர் வருத்தப்படுவார் என்று பயந்து, மெதுவாகச் சொன்னேன்.

"நைனா, கை கழுவல."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்த கை. பார்த்துவிட்டு, அதே கையால் அடுத்த தாளைப் பிரித்தார். நடுவில் இருந்த பக்கங்கள் அவ்வளவாக நனையவில்லை. அதில் ஓரிடத்தைக் காட்டி, "இதுல இன்னா போட்டுக்குது, படி" என்றார்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது வெறும் பெயர்கள். இவனுக்கு இவன் பிறந்தான், அவனுக்கு அவர்கள் பிறந்தார்கள் என்று பத்தி பத்தியாகப் போனது. வாயில் நுழையாத பெயர்கள். எனக்கே சலிப்பாக இருந்தது, நல்ல கதை இருக்கிற பக்கமாகத் திருப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"பொறந்தவங்க பேரா எழுதிக்குது?"

"ஆமா நைனா. யாரு யாருக்குப் பொறந்தாங்கனு."

"இத்தினி பேரா?"

"இன்னும் கீது. பக்கத்துப் பக்கத்துலயும் அதான் கீது."

"பொம்பளப் புள்ள பேரு ஒண்ணும் இல்லியா?"

விரலை வைத்துத் தேடினேன். ரொம்ப நேரம் ஆயிற்று. மகன்கள் மகன்கள் என்றே போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தின் கீழே, அண்ணன் தம்பிகள் பெயரெல்லாம் முடிந்தபிறகு, அவர்களுக்கு ஒரு சகோதரியும் இருந்தாள் என்று ஒரு பெயர் இருந்தது.

"ஒரு தங்கச்சி பேரு கீது நைனா."

"அத்தப் படி."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தப் பெயரைத்தான் பிறகு சித்தியின் மகளுக்கு வைத்தார்கள், அது வேறு விஷயம். அப்போது நான் நிமிர்ந்து பார்த்தபோது நைனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. புத்தகம் பாழாய்ப் போனதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அத்தனை வருஷம் பட்டில் சுற்றிக் காப்பாற்றியது, ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கும் வருத்தமாக இருந்தது. அவர் முழங்காலைத் தொட்டு, "காஞ்சிடும் நைனா, வெயில்ல வெச்சா காஞ்சிடும்" என்று தேற்றினேன்.

"காயட்டும்" என்றார். "நீ படி."

மறுநாள் காற்று விழுந்திருந்தது. சித்தியையும் அம்மாவையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாங்கள் படகில் ஊர் திரும்பினோம். கரையில் கிடந்த பாமாயில் டின்னை நைனா எடுத்துப் பெரியப்பாவின் படகில் வைத்தார். பிறகு பறியைக் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கினார்.